வளன் என்னும் பெயர்
(ஒசூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

  

இந்த எல்லைப்புறத்தில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஒசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு முறைவேலை முடிந்து மறு முறைவேலை தொடங்கும் பொழுதில் வாயிலில் நின்று செவிமடுத்தால், தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் கன்னடப் பெயரும் உருதுப் பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அக்கூட்டத்தில் மத்தகொண்டபள்ளி, எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களின் மக்களும் இருப்பர். அவர்களுள் முதியவர் ஒருவரின் பெயர் சூசை என்றிருக்கும். சீர்திருத்தக் கிறித்தவராகிய அவர்தம் தோழர் யோசேப்பு எனப்படுவார். அண்மையில் பள்ளி முடித்து வேலைக்கு வந்த இளைஞனின் பெயர் வளன் என்றிருக்கலாம். இம்மூவருக்கும் பெயர் ஒன்றே. இயேசுவின் வளர்ப்புத் தந்தையும் தச்சுத் தொழிலாளியுமாகிய ஒருவரின் எபிரேயப் பெயர்தான் அம்மூன்று வடிவும் பெற்றுள்ளது.

முதலிரண்டும் ஒலியைப் பற்றிச் சென்றவை. போர்த்துக்கீசியர் வழி வந்த ஒலி தமிழன் நாவில் உருண்டு சூசையாயிற்று. விவிலியத்தின் மூல ஒலியைத் தழுவியது யோசேப்பாயிற்று. மூன்றாவது மட்டும் பொருளைப் பற்றி வந்தது. எபிரேயத்தில் அப்பெயர்க்கு 'மேலும் சேர்ப்பான், பெருகச் செய்வான்' என்பது பொருள். பெருக்கத்திற்குத் தமிழில் வளம் என்று பெயர். ஆகவே வளன்.

இப்பெயரைப் படைத்துத் தந்தவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கத் துறவி. பாட்டுக் கட்டத் தெரிந்த துறவி. வீரமாமுனிவர் என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் அவருடையதும் ஒன்று. சிலையைப் பார்த்தவர் பலர். பாட்டைப் படித்தவர் சிலர். அப்பாட்டைப் பற்றியதே இப்பொழிவு.

அவர் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலியின் மாந்துவா நகரையடுத்த காசுதிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கொன்சுதான்சோ சூசேப்பே பெசுகி. இடையில் நிற்கும் சூசேப்பே என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவும் அதே யோசேப்புத்தான். பிற்காலத்தில் அவர் வளனைத் தலைவனாக வைத்துப் பெரும்பாவியம் பாடியபோது, தம் பெயர்க்கு உரியவரையே பாடினார். இயேசு சபையில் சேர்ந்து துறவியாகி 1710-இல் கோவையை, அதாவது மேலைக்கரைக் கோவாவை அடைந்தார். மறு ஆண்டே மதுரைப் பணிக்களத்திற்கு வந்துவிட்டார். அப்போது அகவை முப்பது கடந்திருந்தது. முப்பதுக்குமேல் ஒரு மொழியின் நெடுங்கணக்கைத் தொடங்கி, நாற்பத்தாறாம் அகவையில் அம்மொழியில் 3615 பாக்கள் கொண்ட பாவியத்தை முடித்தவர் உலகில் எத்தனை பேர் இருப்பர்? தாய்மொழியிலேயே நாற்பத்தாறில் நான்கு வெண்பா எழுதத் தடுமாறும் பட்டதாரிகள் மலிந்த நாடு இது.

தமிழை அவருக்குக் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழிவழிச் செய்தி. அவர் சந்தா சாகிபுவிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் சென்றார் என்றெல்லாம் வழங்கும் கதைகளுக்கு உறுதியான சான்றில்லை. அவை இல்லாமலே அவர் பெருமை நிற்கும்.

அவர் வந்திறங்கிய காலம் பெயர்களைப் பற்றிய பெரும்பூசல் நடந்த காலம். தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட்டு தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, இந்நாட்டுத் துறவியரின் உடையும் உணவும் பூண்டு சமயம் பரப்பிய நாள்முதல், எவ்வளவுக்கு இந்நாட்டு வழக்கத்தைத் தழுவலாம் என்ற வழக்கு உரோமை வரை சென்றது. 1704-இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். பல வழக்கங்களைத் தடுத்த அவ்வாணை, திருமுழுக்குப் பெறுவோர்க்கு உரோமைத் தூயர் பட்டியலில் உள்ள பெயர்களையே இடவேண்டும் என்றும் விதித்தது. பூசல் முடிய நாற்பது ஆண்டு பிடித்தது. 1744-இல்தான் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டு இறுதி ஆணை இட்டார். வீரமாமுனிவரின் தமிழ் வாழ்க்கை ஏறத்தாழ முழுவதும் இவ்விரு ஆணைகளுக்கும் இடையே கழிந்தது.

மேலிடம் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அக்காலத்தில், 1726-இல், தூயருள் தலைசிறந்த ஒருவருக்கே வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டிப் பாவியம் முடித்தார் அவர். ஆணையை அவர் மீறவில்லை. திருமுழுக்கு ஏட்டில் எழுதவேண்டிய பெயரை எழுதியே இருப்பார். பாட்டுக்குள் மட்டும் வேறு சட்டம் நடந்தது. அது தமிழின் சட்டம்.

அப்பெயரின் அமைப்பைச் சற்று நின்று பார்த்தால், இலக்கணம் கற்றவர்க்குத் தனி இன்பம் உண்டு. நலம் நலன் ஆவதும், அறம் அறன் ஆவதும், வளம் வளன் ஆவதும் மகர னகரப் போலி. எனவே வளன் என்ற சொல் முன்பே தமிழில் உண்டு. அது செழிப்பையே குறிக்கும். ஆனால் அன் என்பது ஆண்பால் ஈறுமாகும். போலியாகப் பார்த்தால் பண்பு. ஈறாகப் பார்த்தால் ஆடவன். ஒரு புதுச் சொல்லையும் ஆக்காமல், இருந்த சொல்லையே எடுத்து, அதன் கடையெழுத்து இருவழியும் செல்லும்படி வைத்துவிட்டார். தமிழ் கற்ற வெளிநாட்டார் எவரும் அறியாத நுட்பம் என்று சொல்வது மிகையாகலாம். தமிழரே பலர் அறியாத நுட்பம் என்பது மிகையன்று.

அருளப்பர் என்றும் யோவான் என்றும் வழங்கும் திருமுழுக்காளருக்கு அவர் இட்ட பெயர் கருணையன். எபிரேயத்தில் 'இறைவன் அருளினான்' என்ற பொருளைத் தழுவியது. கருணை வடசொல்லாதலின் அருளன் என்றே இட்டிருக்கலாம். ஆனாலும் நெறி ஒன்றே: ஒலியை விட்டுப் பொருளைப் பிடிப்பது.

இந்நெறி இங்குக் கூடியுள்ளோர்க்குப் புதிதன்று. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தபோது வேதாசலம் என்னும் பெயர் மறைமலை ஆயிற்று. அதற்கு முன்பே சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற்கலைஞர் என்ற பெயரில் தனிப்பாசுரத் தொகையை வெளியிட்டார். தேவநேசன் தேவநேயன் ஆனார். அந்தத் தேவநேயப் பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் பணியாற்றிய ஆண்டுகளில் ஒசூரும் கிருட்டிணகிரியும் சேலம் மாவட்டத்திலேயே இருந்தன. 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது, 2004-இல் கிருட்டிணகிரி தனியாயிற்று. ஆகவே பாவாணர் இம்மாவட்டத்து ஆசிரியர் என்று உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை. அவர்கள் வடமொழிப் பெயருக்குச் செய்ததை, மறைமலையடிகளின் இயக்கத்திற்கு 190 ஆண்டு முன்பே, ஓர் இத்தாலியர் எபிரேயப் பெயருக்குச் செய்திருந்தார்.

அவர் தம் பெயரும் இவ்வழியில் நடந்தது. கொன்சுதான்சோ என்பதற்கு நிலைபேறு, மன உறுதி என்பது பொருள். முதலில் தைரியநாதர் என்று வழங்கினர். பின்னர் வீரமாமுனிவர் என்பதே நிலைத்தது.

இனிப் பாவியத்துக்கு வருவோம். தேம்பாவணி என்ற பெயரையே இருவகையாகப் பிரிக்கலாம். தேம்பா அணி என்றால் வாடாத மாலை. தேன் பா அணி என்றால் தேனனைய பாக்களாலான அணி. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம். கதைக்கு எசுப்பானியத் துறவியான ஆகிரேதா மரியாளின் நூல் ஊற்று. பாடும் முறைக்குச் சிந்தாமணியும் கம்பன் காவியமும் வழிகாட்டி. யூதேயா நாட்டைப் பாடப் புகுந்தவர் நாட்டுப் படலத்தில் வைத்திருப்பதெல்லாம் மருத நிலம்: வயலும் வாய்க்காலும் நெல்லும் கரும்பும். யூதேயா வறண்ட மலைநாடு என்பதை அவர் அறியாதவரல்லர். கேட்பவன் காவிரிக் கரையில் இருக்கிறான் என்பதை அறிந்திருந்தார். எருசலேம் நகரும் தமிழ்ப் பாவியத்து நகரங்களைப் போலவே மதிலும் மாடமும் கொண்டு எழுகிறது. அயல்நாட்டுக் கதையைத் தமிழ் நிலத்தில் நட்டு, தமிழ் நீர் பாய்ச்சி வளர்த்தார்.

விருத்தப்பா ஏட்டில் வைத்துக் கண்ணால் படித்தற்கு மட்டும் அன்று. வாய்விட்டுப் பாடுதற்கு உரியது. இதனால்தான் அவரைப் பாவலர் என்பதோடு பாட்டாசிரியர் என்றும் கொள்ளவேண்டும். தேம்பாவணி கற்றோர்க்கு என்றால், கல்லாதார்க்கும் அவர் பாடினார். கித்தேரி அம்மாள் அம்மானை என்றொரு நூல். அம்மானை என்பது மகளிர் காய் எறிந்து ஆடும்போது பாடும் பாட்டு. ஊர்ப்பெண்களின் வாயில் கதை சொல்லும் பாட்டாக வளர்ந்தது. போர்த்துக்கல்லிலும் எசுப்பானியத்திலும் போற்றப்படும் ஒரு கன்னியின் கதையை அந்த மெட்டுக்குள் கொண்டுவந்தார். அங்கே தேம்பாவணியின் அடர்ந்த நடை இல்லை. ஒருமுறை கேட்டாலே விளங்கும் எளிய நடை. ஒரே மனிதர் இரு நடையும் கைவரப் பெற்றிருந்தார். திருக்காவலூர் எனத் தாம் பெயரிட்ட ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னை மீது கலம்பகம் பாடினார். அன்னையின் துயரைப் பாடும் அன்னை அழுங்கல் அந்தாதியும் அவரதே. அழுங்கல் என்ற சொல்லாட்சியைப் பாருங்கள்! 'வியாகுலம்' என்று எழுதியிருந்தால் அன்றைய கோயில் வழக்குக்கு ஒத்திருக்கும். பாட்டின் தலைப்பில் தமிழ்ச்சொல்லை வைத்தார்.

இவ்வளவு பாடியும், கோயிலின் நடுவிடத்தில் தமிழுக்கு இடமில்லை. திருப்பலி இலத்தீனில் நடந்தது. அவர் காலத்தில் மட்டுமன்று, அவர்க்குப்பின் இருநூறு ஆண்டும் அப்படியே. தமிழ்ப் பாட்டு தேர்த்திருவிழாவிலும் தவக்கால இரவுகளிலும் வீட்டுத் திண்ணையிலும் வாழ்ந்தது. 1963-ஆம் ஆண்டு திசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடந்தந்த பிறகே அது பீடத்தருகே சென்றது. தமிழர்க்கு இச்செய்தி வியப்பூட்டாது. தில்லையிலும் வேறு கோயில்களிலும் தேவாரம் எங்கே நிற்கவேண்டும் என்ற வழக்கு எத்தனை நூற்றாண்டாக நடக்கிறது! சமயம் எதுவாயினும் தமிழ் வாயிற்படியில் நிற்க வைக்கப்பட்டது.

முனிவரின் எழுத்துப் பணியையும் பாட்டோடு சேர்த்தே பார்க்கவேண்டும். பழைய முறையில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற்றன; நெடில்கள் புள்ளி பெறவில்லை. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டனர். அதனால் எரியா ஏரியா, கொடுவா கோடா, மெல்லா மேலா என்பதை இடம் நோக்கி ஊகிக்கவேண்டிய நிலை. பாடத்தெரிந்தவனுக்குக் குறில் நெடில் மயக்கம் எவ்வளவு பெரிய இடர்! ஒரு மாத்திரை தவறினால் சீர் தவறும், தளை தட்டும். அவர் கொம்பை மேலே சுழித்து நெடிலுக்கு அடையாளம் தந்தார். ஏகார ஓகாரங்களுக்கும் வேற்றுமை காட்டினார். இன்று ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் எழுதும் இரட்டைச்சுழிக் கொம்பு அவர் தந்த கொடை.

நிகண்டுகள் பாட்டாக இருந்தமையால் சொற்பொருள் காண நூல் முழுவதையும் நெட்டுருச் செய்யவேண்டியிருந்தது. அவர் 1732-இல் சொற்களை அகர வரிசையில் அடுக்கிப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாகச் சதுரகராதியைச் செய்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் கூறும் தொன்னூல் விளக்கம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார், இன்பத்துப்பாலை விட்டுவிட்டார். துறவிக்குக் கூச்சம், வள்ளுவருக்கு இல்லாத கூச்சம்! பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் அவர் எழுதிய இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டோர் யார் தெரியுமா? அவர் வேத விளக்கம் முதலிய நூல்களால் கடுமையாகச் சாடிய தரங்கம்பாடி உலுத்தரன் சபையாரே. சமயத்தில் பகை, தமிழ் கற்கவேண்டியபோது பகைவன் நூலே துணை.

அவர் சமயம் பரப்ப வந்தவர் தாமே, அவரைத் தனித்தமிழ் மேடையில் ஏன் போற்றவேண்டும் என்று கேட்பார் உண்டு. கேள்வி முறையானதே. வந்த நோக்கத்தை அவர் மறைக்கவில்லை. மறைத்துப் புகழ்வதும் அறிவுடைமையன்று. இன்னொரு குறையும் சொல்லவேண்டும். அவருடைய உரைநடையில் வடசொல் மிகுதி. சதுரகராதி என்ற பெயரே வடமொழிப் புணர்ப்பு. பாவாணர் வழி நிற்போர் அகரமுதலி என்றே வழங்குவர். கடவுளுக்குச் சருவேசுரன் என்றும், முழுக்குக்கு ஞானஸ்நானம் என்றும் நொபிலி காலந்தொட்டு ஊன்றிய சொற்களை அவர் பிடுங்கி எறியவில்லை. பின்னதை எழுதத் தமிழெழுத்தே போதாமல் கிரந்த எழுத்தைக் கடன் வாங்கவேண்டியிருக்கிறது. பாட்டில் தமிழராக இருந்தவர் உரைநடையில் தம் காலத்தவராக இருந்தார். பாட்டு அவரை இழுத்துச் சென்ற உயரத்துக்கு உரைநடை செல்லவில்லை.

அந்த வேலையைப் பின்வந்தோர் செய்தனர். பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இம்மாற்றம் ஊன்றி நிற்கிறது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றிப் பின்னர்த் திருச்சிக்கு மாறிய சூசையப்பர் கல்லூரி இன்று தூய வளனார் கல்லூரி என்று தமிழில் எழுதப்படுகிறது. 1726-இல் பாட்டுக்குள் ஒளித்துவைத்த பெயர் கல்லூரி வாயிலுக்கு வந்துவிட்டது.

இச்செய்தி ஒசூருக்கு ஏன்? இங்குதான் அன்றாடம் புதுப்பொருள்கள் வந்து இறங்குகின்றன. ஊர்தி செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள், அவற்றின் உறுப்புகளை நூறு பட்டறைகளில் கடைகிறார்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் ஆங்கிலப் பெயர் ஒலியாகவே நாவில் ஏறுகிறது. போல்ட்டு என்பதற்கு மரையாணி உண்டு. நட்டுக்கு மரை உண்டு. பேரிங்குக்குத் தாங்கி, வெல்டிங்குக்குப் பற்றவைப்பு, லேத்துக்குக் கடைசல் பொறி. இவை ஆய்வறையில் கட்டிய சொற்கள் மட்டுமல்ல. இவற்றுள் பல கொல்லனும் தச்சனும் முன்பே ஆண்டவை. சூசை என்று சொல்வதற்கு ஒரு செவி போதும். வளன் என்று சொல்ல அப்பெயரின் பொருளை அறிந்திருக்க வேண்டும், தமிழ்ச் சொல்வளத்தையும் அறிந்திருக்க வேண்டும். பொறியின் பெயரைத் தமிழாக்குகிறவன் அப்பொறி என்ன செய்கிறது என்று முதலில் கேட்கவேண்டும். அதனால்தான் இவ்வேலை கடினம். அதனால்தான் பலர் ஒலியோடு நின்றுவிடுகிறார்கள்.

எல்லையில் வாழ்வோர்க்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஒசூர் என்பதன் முற்பகுதி கன்னடத்தில் புதிய என்று பொருள்படும் சொல். பழங்கன்னடத்தில் அது பொச என்று பகரத்தோடு இருந்தது. பின்னர்ப் பகரம் மூச்சொலியாகத் திரிந்தது. தமிழின் புது என்பதும் அதுவும் ஒருதாய் மக்கள். பள்ளி என்று தமிழர் சொல்வதும் கன்னடர் மூச்சொலியோடு சொல்வதும் அவ்வாறே. ஆகவே பட்டறையில் தமிழ்ச்சொல்லைப் பக்கத்தில் நிற்கும் கன்னடத் தோழனுக்கு விளக்குவது, அவனுக்கு அயலான ஒன்றைத் திணிப்பதாகாது. பலவேளை அவன் வீட்டுச் சொல்லையே அவனுக்கு நினைவூட்டுவதாகும். ஆங்கிலச் சொல் இருவர்க்கும் அயல்.

வீரமாமுனிவர் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் சேர நாட்டு அம்பலக்காட்டில் மறைந்தார். அவர் ஏடுகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. சென்னையில் இருந்த எல்லீசு என்னும் ஆங்கில அதிகாரி, முத்துசாமிப் பிள்ளை என்பாரை 1816-இல் அனுப்பி அவற்றைத் தேடச் செய்தார். அந்தப் பிள்ளையே 1822-இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். பரமார்த்த குருவின் கதை அவ்வாண்டே இலண்டனில் அச்சேறியது; நகைச்சுவைக் கதைக்கு வாய்த்த விரைவு பாவியத்துக்கு வாய்க்கவில்லை. தேம்பாவணி முழுவதும் அச்சாகிப் புதுச்சேரியில் 1851 முதல் 1853 வரை மூன்று பகுதியாக வெளிவந்தபோது, அது எழுதி முடிக்கப்பட்டு நூற்றிருபத்தைந்து ஆண்டு கடந்திருந்தது.

இன்று அந்நூல் கிடைக்கிறது. படிப்போர் இல்லாக் குறையே குறை. ஒசூரிலும் கிருட்டிணகிரியிலும் ஞாயிறு மாலைகளில் பத்துப்பேர் கூடி, ஒருவர் பாட மற்றவர் கேட்கலாம். கிறித்தவர்தாம் வரவேண்டும் என்பதில்லை. நாட்டுப் படலத்திலிருந்து தொடங்குவது நன்று. கடினமான பாக்களைக் கண்டு அஞ்சவேண்டா; 1729-இல் அவரே உரையும் எழுதி வைத்திருக்கிறார்.